சீனச் சரக்கு விமானமும் என் மூன்றாம் அத்தியாயமும்

மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து இறங்கி வரும் தெருவில் ஒரு பைண்டிங் கடை உண்டு. சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் யார் ஆராய்ச்சி முடித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்க வேண்டும். கடைக்காரர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் இந்தப் பக்கத்தில் எழுதப்பட்ட அத்தனை ஆய்வேடுகளையும் ஒரு முறையாவது முழுதாகப் புரட்டிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க முடியும். தேர்வாளர்கள் அவ்வளவு பக்கம் புரட்டுவார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் ஆய்வேட்டின் முதல் பிரதியை ஸ்பைரல் போடுவதற்காக அங்கே கொண்டுபோனேன். அப்போது நான் தாம்பரம் தாண்டி உள்ளே தள்ளியிருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், விமானப் பொறியியல் துறையில் உதவிப் பேராசிரியை. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. தாள்களைத் தட்டி ஒழுங்கு செய்துகொண்டிருந்தவர் நடுவில் ஒரு படத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினார்.

"இன்னா மேடம், இந்த பிளேனுக்கு நான் முன்னாடியே பைண்டிங் போட்டுக்கீறேனே."

"இருக்காதுண்ணா. இது நானே வரைஞ்சது. வேற ஏதாவது பிளேனா இருக்கும்."

"அட இல்ல மேடம். இதே மூஞ்சி. மூக்கு மட்டும் கண்ணாடி போட்டு கூரா கீது பாருங்க. பாதி செவப்பு, பாதி நீலம். அன்னிக்கு கலர் மெஷினு மக்கர் பண்ணி ஒரே பேஜாரா பூட்ச்சு, அதான் ஞாபகம் கீது. உங்க காலேஜ் சாரு ஒர்த்தரு வந்தாரு. அஞ்சு காப்பி, கறுப்பு ரெக்ஸின், தங்க எழுத்து."

கறுப்பு ரெக்ஸினும் தங்க எழுத்தும் என்றால் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கப் போகும் இறுதிப் பிரதி. நான் நம்பாமல் நிற்பதைப் பார்த்து, என் மேல் உள்ள அக்கறையில், அவர் கடைக் கம்ப்யூட்டரைத் திறந்தார். பென் டிரைவில் வருவதையெல்லாம் அதில் இறக்கித்தான் பிரிண்ட் எடுப்பார்கள், யாரும் அழிப்பதில்லை. முதல் பக்கத்தில் எங்கள் துறைத் தலைவரின் பெயர் இருந்தது. மூன்றாம் அத்தியாயம் என்னுடையது. தலைப்பு மட்டும் மாறியிருந்தது.

அந்த அத்தியாயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இவ்வளவு புலம்பல் எதற்கு என்று தோன்றும். சீனாவின் ராணுவச் சரக்கு விமானங்கள் எப்படி உருவாயின என்பதுதான் என் ஆய்வு. சோவியத் ஒன்றியத்திடமிருந்து சீனா அன்-12 என்ற நான்கு எஞ்சின் சரக்கு விமானங்கள் சிலவற்றை வாங்கியது. பிறகு இரண்டு நாடுகளுக்கும் மனக்கசப்பு. வரைபடம் கிடையாது, ஆலோசனை சொல்ல ஆள் கிடையாது. சீனப் பொறியாளர்கள் கையிலிருந்ததைத் துண்டு துண்டாக அளந்து, வரைந்து, ஒய்-8 என்று ஒன்றைச் செய்தார்கள். மூக்குக்கு மட்டும், தாங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த குண்டுவீச்சு விமானத்தின் கண்ணாடி மூக்கை எடுத்துப் பொருத்தினார்கள். சரக்கு அறையில் முதலில் காற்றழுத்த வசதி இல்லை. அதைச் சரிசெய்யவே பல வருடங்கள் பிடித்தன. அப்புறம் ஒய்-9. கடைசியில், யாருடையதையும் அப்படியே பார்த்து வரையாத பெரிய ஜெட், ஒய்-20. அதுவும் முதலில் ரஷ்ய எஞ்சினோடுதான் பறந்தது; சொந்த எஞ்சின் பிற்பாடுதான் வந்தது.

இந்த நீண்ட பாதையில் நகல் எந்த இடத்தில் நகலாக இருப்பதை விடுகிறது என்பதே என் கேள்வி. உறவினர்கள் எல்லோரும் கேட்டார்கள், சீனாக்காரன் பிளேனுக்கும் உனக்கும் என்னடி சம்பந்தம் என்று. உண்மையான பதில் கேவலமானது. எங்கள் கல்லூரியில் ஒரு காற்றுச் சுரங்கம் இருந்தது. விமான மாதிரியை உள்ளே வைத்துக் காற்றடித்துச் சோதிக்கும் கருவி. அதைக் கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் குழு பார்வையிட வரும் நாளில் மட்டும் துடைத்து ஓடவிடுவார்கள். மற்ற நாட்களில் பூட்டு. ஆகவே கருவியே தேவைப்படாத, கண்ணும் அளவுகோலும் மட்டும் போதுகிற விஷயமாக நான் தேடிக்கொண்டேன். சீன விமானங்களின் புகைப்படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடந்தன. எங்கள் வீடு பொழிச்சலூரில். மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது, இறங்கப்போகும் விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தலைக்கு மேல் போகும். படத்தில் எது எவ்வளவு பெரிது என்று தெரியாவிட்டாலும் டயரின் அளவு தெரியும், அதை வைத்து மற்ற எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது அந்த மாடியில்தான். கையில் ஈரப் போர்வையோடு நின்று சிரித்தேன். அன்றைக்கு எனக்கு நோபல் பரிசே கிடைத்த சந்தோஷம்.

அப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து வரைந்த படங்கள் அவை. பழையதை அப்படியே எடுத்துக்கொண்ட பாகம் சிவப்பு, அவர்களே யோசித்து மாற்றியது நீலம். முதல் வரைவில் ஒரு தப்பு செய்திருந்தேன். ஒரு புகைப்படத்தில் பின்கதவுக்கு முன்னால் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு வட்டம் இருந்தது. அதை ஜன்னல் என்று நினைத்து வரைந்துவிட்டேன். பிறகு நான்கைந்து படங்களை ஒப்பிட்டபோது அப்படி ஒரு ஜன்னலே இல்லை என்று தெரிந்து அழித்தேன். கடைக்காரரின் திரையில், துறைத் தலைவரின் ஆய்வேட்டில், அந்த ஜன்னல் இருந்தது.

எப்படிப் போயிற்று என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நானேதான் கொடுத்தேன். எங்கள் கல்லூரியில் யார் கட்டுரை எழுதினாலும் துறைத் தலைவர் பெயர் முதலில் வரும், எழுதியவர் பெயர் இரண்டாவது. தாளாளருக்குக் கல்யாண மண்டபம்தான் தொழில். அவர் பெயரிலும் இறக்கைகளைப் பற்றிக் கட்டுரைகள் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாருக்கு மரியாதையாக இருக்கும், செய்துவிடுங்கள் என்று சொன்னார்கள். செய்தேன். என் படங்களோடு வந்த நான்கு கட்டுரைகளிலும் அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது. அத்தியாயங்களையும் எழுத எழுத அனுப்பினேன், "திருத்திக் கொடுத்தால் உதவியாக இருக்கும்" என்று ஒரு வரியோடு. ஒரு தடவையும் திருத்தி வந்ததில்லை. அவருக்கு நேரமில்லை போலிருக்கிறது என்று நான் வருத்தப்பட்டது வேறு கதை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் விமான நிலையத்தில் சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

"சண்டை போட்டு என்ன கிடைக்கப்போகுது சொல்லு. அவருக்கும் டாக்டர் பட்டம் வரட்டும், உனக்கும் வரட்டும். ரெண்டு பேரும் வேலையில இருக்கலாம் இல்ல?"

அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. எங்கள் துறைக்கு மாணவர்கள் வருவது நின்றுபோயிருந்தது. அந்த வருடம் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரு வேனில் அடங்குவார்கள். அடுத்த கல்வியாண்டிலிருந்து முனைவர் பட்டம் உள்ளவர்களை மட்டும்தான் வைத்துக்கொள்வோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. துறைத் தலைவருக்கும் பட்டம் இல்லை. சீனியாரிட்டியில் தலைவரானவர், ஓய்வுக்குச் சில வருடம் இருக்கும்போது வேலை போய்விடும் என்று பயந்துபோய், எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் அவசரமாகப் பதிவு செய்திருந்தார். எனக்கோ பதிவுக் காலம் முடிந்து, கெஞ்சி வாங்கிய கடைசி நீட்டிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தேதிக்குள் ஒப்படைக்காவிட்டால் பதினோரு வருடமும் ரத்து.

திங்கட்கிழமை நெறியாளரைப் பார்க்கப் போனேன். அந்த அம்மா என் ஆய்வேட்டை, எது எங்கிருந்து எடுத்தது என்று கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தார். மூன்றாம் அத்தியாயம் முழுக்கச் சிவப்பாக வந்தது. முதலில் வெளியான கட்டுரைகள், முதலில் ஒப்படைக்கப்பட்ட ஆய்வேடு, எல்லாவற்றிலும் முதல் பெயர் அவருடையது. திரையைப் பார்த்தால் நான்தான் அவரிடமிருந்து திருடியவள்.

"உண்மை எனக்குத் தெரியும்மா. ஆனா புகார் கொடுத்தா கமிட்டி போடுவாங்க. கமிட்டி முடியறதுக்குள்ள உங்க டேட் முடிஞ்சிடும். அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. கட்டுரைகள் சேர்ந்து எழுதினது, இவங்க பயன்படுத்திக்கறதுல ஆட்சேபணை இல்லைன்னு. அது இருந்தா நான் சமாளிக்கிறேன்" என்றார்.

நான் வரைந்ததை நான் பயன்படுத்த, வரையாதவரிடம் அனுமதிக் கடிதம். அதையும் நானே டைப் செய்து எடுத்துக்கொண்டு மறுநாள் அவர் அறைக்குப் போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று ஷேர் ஆட்டோவில் வரும்போதே மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அதிலேயே எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது.

"உட்காருங்க மேடம். பைண்டிங் கடைக்காரர் சொன்னாரா? நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"சார், அது என் சாப்டர்."

"மேடம், டீம் வொர்க்னா அப்படித்தான். பேப்பர்ல என் பேரு இருக்கு. போடச் சொல்லி நான் கேட்டேனா? நீங்களா போட்டீங்க. டிராஃப்ட்டும் நீங்களா அனுப்பினீங்க." குரலை உயர்த்தவே இல்லை. கணக்குச் சரியாக இருக்கிறதா என்று கேட்பவர் மாதிரிதான் பேசினார். "லெட்டர்தானே? தாராளமா தர்றேன். என் வைவா முடிஞ்சிடட்டும். முன்னாடி கொடுத்தா வீணா கேள்வி வரும். அந்த ஜன்னல், அந்த மூக்கு, அதெல்லாம் கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்கே பயமா இருக்கு. அந்த மூக்கு ஏன் அப்படி, கொஞ்சம் சொல்றீங்களா?"

இந்த இடத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். குண்டுவீச்சு விமானத்தின் மூக்கைச் செய்வதற்கான அச்சுகள் தொழிற்சாலையில் ஏற்கெனவே இருந்தன, அந்த வளைவில் தகடு அடிக்கத் தெரிந்த கைகள் இருந்தன, அதனால்தான் அது வந்தது என்றேன். "முதல் மாற்றம் வசதிக்காக வந்தது சார், அறிவு அப்புறம்தான் வந்தது" என்றேன். ஜன்னலைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அவர் நோட்டில் எழுதிக்கொண்டே, அப்புறம், அப்புறம் என்றார். நான் போர்டில் வரைந்தேன். மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று. வெளியே விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. சாக்பீஸைக் கீழே வைத்தபோது மூன்று மணி நேரம் போயிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. பதினோரு வருடத்தில் இந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர். நான் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தேன்.

அந்தக் கடிதத்தில் அவர் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மறுத்தார் என்றும் சொல்ல முடியாது. அடுத்த வாரம், முகூர்த்த நாள், வக்கீல் நண்பரிடம் கேட்டுவிட்டு, என்று தள்ளித் தள்ளியே என் தேதி கடந்துவிட்டது. என் பதிவு ரத்தானது, மே மாதத்தோடு வேலையும் போனது. இப்போது பெரும்பாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அவருடைய வைவா நாளில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் கடிதம் மடித்தபடி என் கைப்பைக்குள் இருந்தது.

எங்கள் பக்கத்தில் முனைவர் பட்டத்து வாய்மொழித் தேர்வு பொதுவில்தான் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கடைசியில் பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம். கேள்வி வராவிட்டால் கூட்டத்துக்கு உயிர் இல்லாதது போல் ஆகிவிடும். தப்பான கேள்வி வந்தாலோ ஆபத்து. அதனால் பட்டம் வாங்கப் போகிறவரே கேள்விகளைச் சீட்டில் எழுதித் தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். அவர்கள் எழுந்து, அப்போதுதான் தோன்றியது போல் கேட்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த நாடகம்தான். நானே பலருக்கு இப்படிக் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை, அவர் பதிவு செய்திருந்த பல்கலைக்கழகத்தின் வராந்தாவில், காலையில் துறைத் தலைவர் என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார்.

"நீங்க கேட்டாத்தான் நல்லா இருக்கும் மேடம். லெட்டரையும் இன்னிக்கே முடிச்சிடுவோம்."

பிரித்துப் பார்த்தேன். ஒய்-8 விமானத்தின் மூக்கு மாற்றப்பட்டதற்குக் காரணம் என்ன?

அரங்கில் அவர் தன் ஆய்வைப் பற்றிப் பேசி முடித்ததும் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், வயதானவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவையைப் பார்த்து, யாருக்காவது கேள்வி உண்டா என்றார். எங்கள் கல்லூரிக் கணிதத் துறைக்காரர் ஒருவர் எழுந்து தன் சீட்டை ஒப்பித்தார். அடுத்தது என் முறை. எழுந்தேன். திரையில் அந்தப் பக்கவாட்டுப் படம் அப்படியே நின்றிருந்தது, இல்லாத ஜன்னலோடு. நான் அவருக்கு அனுப்பிய பழைய மின்னஞ்சல்கள் எல்லாம் என் செல்போனில் இருந்தன. பின்கதவுக்கு முன்னால் இருக்கும் ஜன்னலை எந்தப் புகைப்படத்திலிருந்து எடுத்தீர்கள் சார் என்று ஒரே ஒரு கேள்வி. அவரிடம் பதில் இருக்காது. தேர்வாளர் மேலே கேட்பார். அப்புறம் நான் போனை நீட்டினால் போதும். கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

துறைத் தலைவரின் மனைவி முதல் வரிசையில் இருந்தார். அவரைப் பார்த்து இரக்கப்பட்டேன் என்று எழுதினால் எனக்குக் கௌரவமாக இருக்கும். எனக்கு வந்தது பயம். கடிதம் போய்விடும், கமிட்டி வரும், உன் பெயரை இரண்டாவதாகப் போட்டது யார் என்று கேட்பார்கள், நான்தான் என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். மைக்கைப் பிடித்துச் சீட்டில் இருந்ததையே கேட்டேன்.

"சார், ஒய்-8 விமானத்தோட மூக்கை ஏன் மாத்தினாங்கன்னு கொஞ்சம் விளக்க முடியுமா?"

அவர் முகம் மலர்ந்தது. அச்சுகள், தகடு அடிக்கும் கைகள், எல்லாம் வரிசையாக வந்தன. நான் போர்டின் முன்னால் நின்று செய்தது போலவே வலது கையால் அந்த வளைவைக் காற்றில் வரைந்து காட்டினார். கடைசியில் ஒரு கணம் நிறுத்தி, "முதல் மாற்றம் வசதிக்காக வந்தது, அறிவு அப்புறம்தான் வந்தது" என்றார். தேர்வாளர் நிமிர்ந்து பார்த்து, அதைக் குறித்துக்கொண்டார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

முடிந்ததும் பக்கத்து அறையில் கேசரி, போண்டா, காபி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பையிலிருந்து கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். வாழ்த்துச் சொல்லும் கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தேன். வயதான தேர்வாளர் தட்டோடு என் பக்கம் வந்தார். துறைத் தலைவரும் அவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"ரொம்ப நல்ல கேள்விம்மா. இன்னிக்கு இருந்ததிலேயே அதுதான் உருப்படியான கேள்வி. விஷயம் தெரியாதவங்க அதைக் கேட்க மாட்டாங்க. நீங்களும் இதிலதான் ஆராய்ச்சி பண்றீங்களா?" என்று கேட்டார்.

அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கண்ணில் அது தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருப்பார், நான் சொல்லியிருப்பேன், அவர் கேட்டுக்கொண்டும் இருந்திருப்பார். துறைத் தலைவர் காபி டம்ளரை வாயருகே வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றேன். "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எல்லாம் இவர் சொல்லிக் கொடுத்ததுதான்."

அதை எனக்கு யாரும் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.